பழைய ஜீப்பில் தோன்றும் அதிர்வு: காரணத்தை அறியும் முறை

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளி, நாடா பாயும் ஓசையில் சிறு மாறுதல் ஏற்பட்டாலும் உடனே கையை நிறுத்திவிடுகிறார். பாவில் இழை அறுந்ததா, விழுது தளர்ந்ததா என்று பார்த்த பின்னரே மீண்டும் மிதியில் கால் வைக்கிறார். கிணற்றடியில் நிற்கும் விவசாயியும் அவ்வாறே. மோட்டாரின் இரைச்சல் வேறுபட்டால் முதலில் ஸ்விட்சை அணைக்கிறார். ஆனால் இதே அன்பர்கள் தங்கள் பழைய ஜீப்பின் தரைத் தகடு காலடியில் நடுங்குவதை மட்டும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொள்கிறார்கள்.

இச்சமாதானம் தவறானது. ஒழுங்காகப் பேணப்பட்ட பழைய ஜீப் இரைச்சலிடும், குலுங்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் விடாமல் அதிராது. அவ்வாறு அதிர்கிறதென்றால், சுழலும் உறுப்பு ஏதோ ஒன்று தன் நிலையினின்றும் பிறழ்ந்துள்ளது என்பதே பொருள். பெரும்பாலும் அவ்வுறுப்பு, இன்ஜினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் புரொபெல்லர் ஷாப்ட் என்னும் சுழல்தண்டாகவே இருக்கும். அதன் இணைப்பு முற்றிலும் முறிந்துவிடுமாயின், தண்டின் முன்முனை கீழே விழுந்து சாலையில் ஊன்றி, ஓடும் வண்டியையே தூக்கி எறியக்கூடும். பிரேக் குழாயை அறுத்துவிடுவதும் உண்டு. ஆகவே இது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று; உயிரைப் பற்றிய விஷயமும் ஆகும்.

அதிர்வின் காரணத்தை எவ்வாறு படிப்படியாக அறிவது என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதியும் ஜீப்பும்

இந்தியாவில் மகேந்திரா நிறுவனத்தார் 1947 ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப்புகளைக் கொணரத் தொடங்கினர். அமெரிக்காவில் 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த சி.ஜே. 3 பி என்னும் வகை, பின்னர் இந்நாட்டிலேயே நெடுங்காலம் உற்பத்தி செய்யப்பட்டது. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் காலந்தொட்டு, வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் என்பது கிராமத்தார் அனைவரும் அறிந்த காட்சியாயிற்று. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமான மேலநீலிதநல்லூருக்கு இவ்வண்டி புதியதன்று. அரசாங்க அலுவலகங்கள் கழித்த ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, விளைபொருள் ஏற்றுவதற்கு வைத்துக்கொண்டோர் பலர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரிசல் மண் குழைந்துவிட்டால், சாதாரண வண்டிகள் வண்டிப்பாதையில் இறங்க இயலாது. அப்பொழுது நான்கு சக்கரங்களாலும் இழுக்கவல்ல ஜீப்பே கை கொடுக்கிறது. மல்லிகை பறித்த சில மணி நேரத்திற்குள் சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்; எலுமிச்சை புளியங்குடிச் சந்தைக்குப் போக வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் அன்றைய விலை போயிற்று. ஆகவே இவ்வண்டியின் நலம் நம் தொழிலின் நலத்தோடு பிணைந்துள்ளது.

ஓர் அனுபவம்

எமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், வெங்காய மூட்டைகளை ஏற்றினால் ஜீப்பின் பின்புறம் தாழ்கிறதென்று, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்தார். வேலை முடிந்த மறுநாளே, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வண்டியின் அடிப்பகுதி தேனீக் கூட்டம் போல் இரையத் தொடங்கிற்று. முதலில் டயர்கள் மாற்றப்பட்டன. பயனில்லை. பின்பு இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் மாற்றப்பட்டன. அதனாலும் பயனில்லை. கிளட்சையும் இறக்கிப் பார்க்க வேண்டுமென்று ஒருவர் கூறினார். அதற்குள் இரண்டு மாதப் பூ விற்ற பணம் கரைந்துவிட்டது.

இவர் செய்த தவறு யாது? பணம் செலவழித்தது தவறன்று. கேள்வி கேட்காமல் செலவழித்ததே தவறு. அதிர்வு எப்பொழுது வருகிறது, எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனால் நிற்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிக் காரணங்கள் விலகிவிடும். இவ்விவசாயியின் ஜீப்பை மேற்கண்ட முறையில் சோதித்தபொழுது கண்டது என்ன என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

தண்டும் இணைப்பும்

முதலில் உறுப்புகளை அறிந்துகொள்வோம். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் பின்னால், டிரான்ஸ்பர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டி உள்ளது. ஆற்றலை முன்னும் பின்னுமாகப் பகிர்ந்தளிப்பது இதுவே. இதிலிருந்து ஒரு தண்டு பின் அச்சுக்கும் மற்றொரு தண்டு முன் அச்சுக்கும் செல்கின்றன. ஒவ்வொரு தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் என்னும் வளையும் இணைப்பு உண்டு. சிலுவை வடிவான ஓர் எஃகுத் துண்டும், அதன் நான்கு கைகளிலும் ஊசி உருளைகள் அடங்கிய நான்கு குப்பிகளுமே அவ்விணைப்பு ஆகும். பட்டறைகளில் இதைக் 'கிராஸ்' என்பர். தண்டின் ஒரு முனையில் பல் வெட்டிய வழுக்கு இணைப்பு ஒன்றும் இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தண்டு நீளவும் குறுகவும் இடமளிப்பது இதுவே.

சிலுவை இணைப்பு மிகப் பழைய கருவி. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேய விஞ்ஞானி இராபர்ட் ஹூக் இதனை ஆராய்ந்து பயன்படுத்தினார். மோட்டார் வண்டிக்கு ஏற்ற வடிவில் இதனைச் செய்து, 1903 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இவ்விணைப்புக்கு ஒரு குணம் உண்டு. அதனை அறியாதார்க்கு அதிர்வின் காரணம் என்றும் விளங்காது. இணைப்பு நேராக நிற்கும்போது, ஒரு பக்கம் சுழலும் அதே வேகத்தில் மறுபக்கமும் சுழலும். ஆனால் ஒரு கோணத்தில் வளைந்து நிற்கும்போது, முதல் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், இரண்டாவது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்தும் இரண்டு முறை தாழ்ந்தும் சுழலும். கோணம் 10 பாகையாயின் இவ்வேறுபாடு சராசரி வேகத்திற்கு மேலும் கீழுமாக ஏறத்தாழ நூற்றுக்கு 1.5 பங்கு, 20 பாகையாயின் நூற்றுக்கு 6 பங்கு. கோணம் இரட்டித்தால் கேடு நான்கு மடங்காகிறது என்பதைக் கவனிக்க.

அவ்வாறாயின் எல்லா ஜீப்புகளும் அதிர வேண்டுமே என்று கேட்கலாம். அதற்காகவே இரண்டாவது இணைப்பு உள்ளது. முதல் இணைப்பு தண்டை விரைவுபடுத்தும் அதே கணத்தில் இரண்டாவது இணைப்பு தாழ்த்துகிறது; இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. கைத்தறியின் இரு மிதிகளைப் போன்றது இது. ஒன்று தாழும்போது மற்றொன்று உயர்ந்தால்தான் பாவு விரிந்து நாடா செல்ல வழி கிடைக்கும். இரண்டையும் ஒருங்கே மிதித்தால் நெசவு நடவாது.

இந்த ஈடு செய்தல் நிகழ்வதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும். இரு இணைப்புகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். இவற்றில் எது தவறினாலும், எவ்வளவு புதிய உறுப்புகளைப் பூட்டினாலும் அதிர்வு நீங்காது.

அதிர்வின் விரைவைக் கொண்டு அறிதல்

அதிர்வுகள் எல்லாம் ஒன்று போல் இரா. சி.ஜே. 3 பி ஜீப்பில் சக்கரம் 1 முறை சுழல, தண்டு 5.38 முறை சுழல்கிறது. 16 அங்குல ரிம்மில் பூட்டிய டயர், ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.25 மீட்டர் தூரம் உருள்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 7 முறைக்குச் சற்று அதிகமாகச் சுழலும். தண்டு வினாடிக்கு 40 முறை சுழலும். இணைப்பின் கோணப் பிழையால் எழும் துடிப்பு வினாடிக்கு 80 முறை நிகழும். பிற்கால வண்டிகளில் இந்த எண்கள் மாறுபடினும் முறை ஒன்றே.

ஆகவே, துள்ளல்களை எண்ணிவிடலாம் போலத் தோன்றும் மெதுவான ஆட்டம் சக்கரத்தைச் சார்ந்தது. பாதத்தில் மரமரப்பு ஏற்படுத்தும் விரைவான நடுக்கம் தண்டின் எடைச் சமன்பாட்டைச் சார்ந்தது. அதைவிட மெல்லியதாய், காதில் ரீங்காரமாய் ஒலிப்பது இணைப்பின் கோணத்தைச் சார்ந்தது. ஸ்டியரிங் மட்டும் இடமும் வலமுமாகப் பலமாக உதறினால், அது தண்டின் குற்றமன்று. முன் அச்சின் கிங்பின் தாங்கிகள், ஸ்டியரிங் தண்டுகளின் முனைகள், சக்கரத் தாங்கிகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

சாலையில் செய்யும் சோதனைகள்

போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் பகல் வேளையில் இவற்றைச் செய்க. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அருகில் அமர்ந்து குறித்துக்கொள்வது நன்று.

முதலாவது: வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை மட்டும் மெல்ல வேகப்படுத்துக. அதிர்வு அப்போதும் தோன்றினால் காரணம் இன்ஜினிலோ அதன் தாங்கிகளிலோ உள்ளது. தண்டைத் தொட வேண்டா.

இரண்டாவது: அதிர்வு வரும் வேகத்தில் ஓடும்போது, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடுக. இன்ஜினை அணைத்தல் கூடாது. அதிர்வு தொடர்ந்தால் இன்ஜினும் கிளட்சும் குற்றமற்றவை. மேற்கூறிய விவசாயி இவ்வொரு சோதனையைச் செய்திருப்பின், இன்ஜின் ரப்பர்களை மாற்றியிருக்க மாட்டார்.

மூன்றாவது: ஒரே வேகத்தை இரு வேறு கியர்களில் அடைந்து பார்க்க. எக்கியரிலும் அதே வேகத்தில் அதிர்வு வருமாயின், அது தண்டு அல்லது சக்கரத்தைச் சார்ந்தது. கியருக்குக் கியர் வேகம் மாறுமாயின், இன்ஜினைச் சார்ந்தது.

நான்காவது: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க. அழுத்தும்போது கூடினால் இணைப்பின் கோணத்தையும், ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் 'யூ' போல்ட்டுகளையும் ஐயுறுக. விட்டபின் கூடினால் டிபரன்ஷியலின் பினியன் தாங்கியையும் வழுக்கு இணைப்பின் தளர்ச்சியையும் ஐயுறுக. இரண்டிலும் ஒன்று போலிருந்தால் எடைச் சமன்பாட்டின் குறையாக இருக்கலாம்.

ஐந்தாவது: முன் சக்கரங்களைப் பின்னும், பின் சக்கரங்களை முன்னும் மாற்றிப் பூட்டுக. ஆட்டம் இடம் மாறினால் சக்கரமே காரணம். நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற ஜீப்பின் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடுவதும் உண்டு.

மற்றொன்றையும் நினைவிற் கொள்க. பழைய ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஏற்கும் கருவி இல்லை. ஆகவே காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி ஓட்டினால், திருப்பங்களில் வண்டி முறுக்கிக்கொண்டு உதறும். அது நோயன்று, பிழையான உபயோகம். நான்கு சக்கர இயக்கம் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது.

அடியில் புகுமுன் ஓர் எச்சரிக்கை

பழைய ஜீப் வகைகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், சுழல்தண்டின் தொடக்கத்தில் ஓர் உருளையைப் பற்றுவதாக அது அமைந்துள்ளது. இதன் விளைவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பின் தண்டைக் கழற்றிவிட்டால், கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்திருந்தாலும் பின் சக்கரங்கள் தாமாக உருளும். கியரில் போட்டு நிறுத்தியதும் அவ்வாறே பயனற்றதாகிவிடும். தண்டைக் கழற்றாமல் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினாலும் ஆபத்தே. டிபரன்ஷியலின் வழியே தூக்கிய சக்கரம் எதிர்ப்புறமாகச் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருண்டுவிடும். பிற்கால வண்டிகள் சிலவற்றில் கைப்பிரேக் சக்கரத்திலேயே இருக்கலாம். தம் வண்டியில் எங்குள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்க.

ஆகையால் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனத்த மரக்கட்டைகளை அணை கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுத்தல் கூடாது. உறுதியான தாங்கிகளின் மேல் அச்சை இருத்துக. வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவற்றோடு தண்டின் அருகே செல்லலாகாது. இன்ஜின் ஓடும்போது அடியில் எவரும் இருத்தல் கூடாது. கீழே கூறப்படும் எல்லாச் சோதனைகளும் தண்டைக் கையால் சுழற்றிச் செய்பவையே.

கண்ணாலும் கையாலும் சோதித்தல்

முதற்காரியம் மண்ணை அகற்றுவது. இதனை எளிதாக எண்ணற்க. கரிசல் மண் தண்டின் ஒரு பக்கம் ஒட்டி வெயிலில் காய்ந்துவிட்டால் சிமென்டு போல் இறுகிவிடும். சுழல் மையத்திலிருந்து 3.5 சென்டிமீட்டர் தூரத்தில் 50 கிராம் மண் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். தண்டு வினாடிக்கு 40 முறை சுழலும்போது, அச்சிறு மண் கட்டி ஏறத்தாழ 11 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தண்டை வெளிப்புறம் இழுக்கும். வேகம் பாதியானால் அவ்விசை கால் பங்காகும். குறைந்த வேகத்தில் தெரியாத அதிர்வு, வேகம் கூடியதும் திடீரெனத் தோன்றுவதன் இரகசியம் இதுவே. மழைக்காலத்துப் பயணத்திற்குப் பின் அதிர்வு தோன்றினால், மெக்கானிக்கைத் தேடுமுன் ஒரு குடம் தண்ணீரும் ஒரு தேங்காய் நாரும் தேடுக. வைக்கோல், நைலான் கயிறு, சாக்கு நூல் ஆகியவை இணைப்பில் சுற்றியிருந்தால் அவற்றையும் அறுத்தெடுக்க.

அடுத்து, தண்டை ஒரு கையாலும் அதனை அடுத்த கவையை மற்றொரு கையாலும் பற்றி, எதிரெதிராகத் திருகியும் மேலும் கீழும் அசைத்தும் பார்க்க. சிலுவை இணைப்பில் கைக்குப் புலப்படும் தளர்ச்சி எதுவும் இருத்தல் கூடாது. குப்பியின் விளிம்பில் செந்நிறத் துருத்தூள் காணப்பட்டால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் தேய்ந்துவிட்டன என்று அறிக. மெதுவாகச் செல்லும்போது குருவி கத்துவது போன்ற ஒலியும், முன்னும் பின்னும் மாற்றும்போது 'டொக்' என்ற ஒலியும் இதன் முன்னறிவிப்புகள்.

தளர்ச்சி இல்லாததாலேயே இணைப்பு நலமாயுள்ளது என்று முடிவு செய்யலாகாது. தண்டை ஒரு முனையில் கழற்றி, இணைப்பை எல்லாத் திசைகளிலும் அசைத்துப் பார்க்க. ஒரே சீராக அசைய வேண்டும். நடுநிலையில் வந்ததும் பள்ளத்தில் விழுந்தது போல் நின்றால், ஊசி உருளைகள் சிலுவையின் கையில் தடம் பதித்துவிட்டன. அதனை மாற்றுவதே வழி. கிரீஸ் அடிப்பதால் சரியாகாது.

பின்பு பினியன் கவையைப் பற்றி அசைத்துப் பார்க்க. மேலும் கீழும் ஆடினால் தாங்கி தளர்ந்துள்ளது. அதன் நட்டைத் தாமே இறுக்குதல் வேண்டா. அவ்விறுக்கம் அளவோடு அமைய வேண்டியதாகையால் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக.

தண்டு வளைந்துள்ளதா என்பதைச் சாக்குக் கட்டியால் அறியலாம். ராட்டினத்தின் கதிர் வளைந்திருந்தால் அதன் நுனி வட்டமிடுவதை நெசவாளர் நன்கு அறிவர். அவ்வாறே தண்டைக் கையால் சுழற்றிக்கொண்டு, அசையாமல் பிடித்த சாக்கை மெல்ல அருகே கொணர்க. சுற்று முழுதும் கோடு விழுந்தால் தண்டு நேரானது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அப்பக்கம் புடைத்துள்ளது. குழாயில் நசுக்கம் உண்டா, தொழிற்சாலையில் பற்றவைத்த சிறு எடைத் தகடு விழுந்து தழும்பு மட்டும் எஞ்சியுள்ளதா என்றும் பார்க்க.

எந்தத் தண்டு குற்றவாளி?

விடுபடு ஹப் இல்லாத பழைய ஜீப்பில், இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் முன் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். முன் சக்கரங்கள் அதனைச் சுழற்றுகின்றன. ஆகவே பின் தண்டைப் போலவே முன் தண்டும் அதிர்வை விளைவிக்கக்கூடும். முன் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரு சக்கர இயக்கத்தில் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க. அதிர்வு நின்றால் முன் தண்டு. தொடர்ந்தால் பின் தண்டு. நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் இயங்குமாறு அமைந்த வேறு வகை வண்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

கழற்றுமுன் கவையிலும் எதிர்க் கவையிலும் பெயின்டால் அடையாளமிட மறவற்க. கழற்றியபடியே திரும்பப் பூட்டுவது இத்தொழிலின் முதல் விதியாகும்.

கோணத்தை அளத்தல்

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானியின் மையத்தில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் சிறு ஈயக் குண்டைத் தொங்கவிட்டால் போதும். வண்டியைச் சமதளத்தில், வழக்கமான பாரத்தோடு நிறுத்துக. டிரான்ஸ்பர் கேஸின் கவை, தண்டு, பினியன் கவை ஆகிய மூன்றின் சாய்வையும் அளந்து எழுதிக்கொள்க.

உதாரணமாக, டிரான்ஸ்பர் கேஸின் சாய்வு பின்னோக்கி 3 பாகை, தண்டின் சாய்வு 11 பாகை, பினியனின் சாய்வு 3 பாகை எனின், முன் இணைப்பின் கோணம் 8, பின் இணைப்பின் கோணமும் 8. இரண்டும் சமமாதலால் ஈடாகிவிடும். பினியனின் மூக்கு தாழ்ந்து அதன் சாய்வு 0 ஆகிவிட்டால், பின் கோணம் 11 ஆகும். அப்பொழுது 3 பாகை வேற்றுமை நேர்ந்து தண்டு நடுங்கும். வேற்றுமை 1 பாகைக்குள் இருத்தல் நன்று. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே தக்க ஆப்புத் தகட்டை வைத்து இதனைச் சரி செய்யலாம். தகட்டை எப்பக்கம் தடித்ததாக வைப்பது என்பதை அளந்து பார்த்தே தீர்மானிக்க. 'யூ' போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்திற்குப் பின் மீண்டும் இறுக்குவது அவசியம்.

விவசாயியின் ஜீப்பில் கண்டது

இனி முன்னர்க் கூறிய ஜீப்பின் கதையை முடிப்போம். நிறுத்தி வைத்து இன்ஜினை வேகப்படுத்தியபொழுது அதிர்வு இல்லை. நியூட்ரலில் உருளவிட்டபொழுது சற்றுக் குறைந்தும் தொடர்ந்தது. சக்கரங்களை மாற்றியதில் வேறுபாடு இல்லை. முன் தண்டைக் கழற்றிய பின்னும் தொடர்ந்தது. ஆகவே பின் தண்டே எஞ்சியது. அதன் இணைப்புகளில் தளர்ச்சி இல்லை, வளைவும் இல்லை.

இறுதியில், வழுக்கு இணைப்பின் மேல் படிந்திருந்த கிரீஸையும் மண்ணையும் துடைத்துப் பார்த்தபொழுது, இரு பகுதிகளிலும் பொறித்த அம்புக்குறிகள் நேருக்கு நேர் இல்லாமல் இரண்டு பல் தள்ளி நின்றன. ஸ்பிரிங் வேலை நடந்த நாளில் தண்டைப் பிரித்து, அடையாளமின்றி மீண்டும் கோத்துவிட்டனர். முதல் நிபந்தனை அங்கே தவறியது. அம்புகளை நேராக்கிப் பூட்டியதும் அதிர்வில் பெரும்பகுதி மறைந்தது. பாரமேற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் சிறிது எஞ்சியது. பாகைமானியால் அளந்ததில், புதிய பட்டையால் பினியன் மூக்குத் தாழ்ந்திருந்தது புலப்பட்டது. இரண்டாவது நிபந்தனையும் தவறியிருந்தது. இரு ஆப்புத் தகடுகளை வைத்ததும் அதுவும் நீங்கிற்று. டயர்களுக்கும் ரப்பர்களுக்கும் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு மிகச் சிறிது.

ஒரு வேலைக்குப் பின் உடனே தோன்றிய குறைக்கு, அவ்வேலையிலேயே காரணத்தைத் தேடுக என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம். அம்புக்குறி அழிந்துபோன தண்டுகளில், இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் உள்ளனவா என்பதைக் கண்ணால் நோக்கியே அறியலாம்.

எடைச் சமன்பாடு

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் நடுக்கம் நீங்காவிடில், தண்டைச் சமன் செய்யும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புவது சிறந்தது. அதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தண்டின் பின்முனையைச் சுற்றி 1 முதல் 4 வரை நான்கு இடங்களில் அடையாளமிட்டு, ரேடியேட்டர் குழாய்க்குப் பூட்டும் ஹோஸ் கிளிப் ஒன்றை மாட்டுக. அதன் திருகுத் தலையே எடையாகும். தலையை ஒவ்வோர் இடத்திலும் முறையே நிறுத்தி, நன்கு இறுக்கி, ஓட்டிப் பார்க்க. எவ்விடத்தில் அதிர்வு குறைகிறதோ அவ்விடத்தில் எடை தேவைப்படுகிறது என்பது தெளிவு. கோணப் பிழையால் எழும் ரீங்காரம் எடை சேர்ப்பதால் நீங்காது என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம்.

வருமுன் காத்தல்

சேற்றிலும் நீரிலும் இறங்கிய பின் சிலுவை இணைப்புகளுக்கும் வழுக்கு இணைப்புக்கும் கிரீஸ் அடித்தல் வேண்டும். நான்கு குப்பிகளின் விளிம்பிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க. மூன்றில் வந்து ஒன்றில் வராவிடில், வறண்டுள்ள அந்த ஒன்றே பின்னர் முறியப்போவது. மாதம் ஒரு முறை தண்டின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க.

ஒரு சமயத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, ஓட்டிப் பார்த்து, முடிவைச் சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க. மூன்று உறுப்புகளை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் காரணம் விளங்காது. அடுத்த முறையும் மூன்றையும் மாற்ற நேரிடும்.

கிரீஸ் கன், அச்சுத் தாங்கிகள், மரக்கட்டைகள், பாகைமானி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதைவிட, அங்கத்தினர் சிலர் கூடிப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்வது கூட்டுறவு முறைக்கு ஏற்றதாகும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் எல்லா ஜீப்புகளையும் ஓரிடத்தில் நிறுத்தி, ஒருவர் வண்டியை மற்றவர் சோதிக்கலாம். ஓட்டிப் பழகியவர் கவனியாத அதிர்வைப் புதிதாய் ஏறி அமர்பவர் உடனே உணர்ந்துவிடுவார்.

அங்கத்தினர்கள் தங்கள் வண்டி தரும் எச்சரிக்கையைக் காலத்தில் கேட்டு, பொருளையும் உயிரையும் காத்துக்கொள்வார்களாக.